வாய் மேலாகக் கிடந்த சங்குவண்டி

அந்தக் காலத்தில், நண்டு பேசுவது பருந்துக்கும் பருந்து பேசுவது நண்டுக்கும் விளங்கிக்கொண்டிருந்தபோது, கடல் வற்றும் வேளைகளில் மணல்திட்டு ஒன்றில் சந்தை கூடும். இந்தக் கதை நடந்த அன்று அந்தச் சந்தைக்கு வந்திருந்தவர்கள் இருபத்தொரு பேர். கடை வைத்திருந்த பேய்க்கணவாய் ஒருவர். வண்டிகளுக்குக் காவல் இருந்த சேற்றுமீன் உளுவை ஒருவர். கடல் அட்டைகள் மூவர். நட்சத்திர மீன்கள் இருவர். ஓடு கெட்டியான சிவப்பு நண்டுகள் ஐவர். வயிறு மெத்தென்றிருந்த மென்நண்டுகள் ஒன்பது பேர். மேலே இருந்த செம்பருந்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சந்தைக்கு யாரும் கூப்பிடவில்லை.

மென்நண்டுக்கு முன்பக்கம் மற்ற நண்டுகளைப் போலத்தான் இருக்கும். ஓடு உண்டு, கால்கள் உண்டு, கொடுக்கு இரண்டு உண்டு. பின்பக்கம்தான் வேறு. அங்கே ஓடு கிடையாது. சுருண்ட வயிறு, உரித்த பழம் மாதிரி, வெறும் சதை. மணல் சூடு பட்டாலே எரியும். அதனால் அவர்கள் திட்டின் மேற்குக் கோடியில் பாறை இடுக்குகளில் குடியிருந்தார்கள். சந்தை கூடினால் வந்து, வேண்டியதை வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். மணல் நிறமும் அவர்கள் நிறமும் ஒன்று. உயரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த ஒன்றால்தான் அவர்கள் பிழைத்துக் கிடந்தார்கள்.

வாங்கிய பாசியையும் சிப்பிக்கறியையும் கொண்டுபோக, சந்தைக்கு முன்னால் இருந்த திடலில் வண்டிகள் உண்டு. செத்துப்போன பெரிய நத்தைகளின் சங்குகள்தான் வண்டிகள். வாயை மேலாகப் போட்டு, சரக்கை உள்ளே திணித்து, பாசிக்கயிற்றால் இழுத்துப் போக வேண்டும். மொத்தம் பத்து வண்டி. ஒன்று போல ஒன்று இருக்காது. பெரியதிலிருந்து சிறியது வரை ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக் குறைவு. யாருடைய வண்டியும் இல்லை அது, எல்லாருடைய வண்டியும்தான். ஒரே ஒரு கட்டளை. எடுத்த வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து, திடல் ஓரத்துச் சாய்ந்த பாறையின் அடியில் அதனதன் இடத்தில் விட வேண்டும். பெரியது உள்ளே, பாறையை ஒட்டி. சிறியது வெளியே. விடும்போது வாய் கீழாகக் கவிழ்த்து விட வேண்டும்.

ஏன் கவிழ்க்க வேண்டும் என்று உளுவை சொன்னதில்லை. அவர் தலைக்கு மேல் கண் உள்ளவர். எந்நேரமும் மேலே பார்த்தபடி, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பார். காரணம் கேட்டால் சேற்றைப் பார்த்துக்கொண்டு, "கவிழ்த்து வை, தாயி. அவ்வளவுதான்" என்பார். மேலே இருப்பதன் பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்று அவருக்குப் பயம். மணல் புகாமல் இருக்கத்தான் கவிழ்க்கச் சொல்கிறார் என்று மற்றவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

மென்நண்டுகளில் பவளாயி என்று ஒருத்தி. அவளுக்கு அப்போது சினை. முட்டைகள் வயிற்றோடு கொத்தாக ஒட்டியிருந்தன. எத்தனை முட்டை என்று அவள் எண்ணவில்லை, எண்ணி முடிகிற காரியமும் இல்லை. அன்று அவள் எடுத்தது இரண்டாவது பெரிய வண்டி. சரக்கைப் பாறை இடுக்கில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியைத் திடலுக்கு இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். இடுக்கிலிருந்து சாய்ந்த பாறைக்கு அறுபத்து நான்கு அடி. இருபத்து நான்காவது அடியில் நின்றுவிட்டாள். வயிறு மணலில் உரசியது. மணல் கொதித்தது.

எதிரே சரக்கு வண்டியோடு தடிக்காலன் வந்தான். அவளுடைய கொழுந்தன். ஒன்பது பேரில் அவன்தான் பெரிய உடம்புக்காரன், பெரிய வாய்க்காரனும் அவன்தான்.

"என்ன மதினி, நீங்க வண்டியை இழுக்கிறீங்களா, வண்டி உங்களை இழுக்குதா?"

"பேசாமப் போப்பா. மூச்சு வாங்குது."

"அண்ணன் எங்கே? சினைக்காரியை வண்டி இழுக்க விட்டுட்டு, கணவாய்கிட்டக் கதை கேட்டுக்கிட்டு இருக்காராக்கும்?"

"பாசிக்கு நிக்கிறார். அந்தக் கணவாய்க்கு எட்டுக் கை இருந்து என்ன, ஒரு நேரத்துல ஒரு ஆளுக்குத்தான் போடுறார்."

"மத்த ஏழு கையும் சொறியறதுக்கு." தடிக்காலன் தன் கயிற்றைக் கீழே போட்டான். "சரி, வண்டியை இங்கேயே விட்டுட்டு வீட்டுக்குப் போங்க. நான் இந்தச் சரக்கை இறக்கிட்டு, என் வண்டியை விட்டுட்டு, அப்படியே வந்து உங்க வண்டியையும் கொண்டுபோய் விட்டுடறேன்."

"காவல் மாமா எண்ணுவாரே."

"எண்ணட்டும். பத்துல ஒண்ணு குறைஞ்சாக் கடல் வத்திடுமாக்கும்?"

"வத்தித்தானே கிடக்கு" என்றாள் பவளாயி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவன் போனான். அவள் வண்டியைப் பார்த்தாள். கவிழ்த்துவிட்டுப் போகலாமா என்று ஒரு யோசனை வந்தது. கவிழ்த்தால் அவன் வந்து மறுபடி நிமிர்த்த வேண்டும், நிமிர்த்தினால்தான் இழுக்க வரும். சினை வயிற்றோடு அதைப் புரட்டுவதும் லேசில்லை. எப்படியும் இப்போது வந்து எடுத்துவிடுவான். வாய் மேலாகவே விட்டுவிட்டு, இருபத்து நான்கு அடி திரும்பி நடந்து, இடுக்குக்குள் போய் ஈரத்தில் உட்கார்ந்தாள்.

தடிக்காலன் பொய் சொல்கிற ஆள் இல்லை. சரக்கை இறக்கினான். தன் வண்டியை இழுத்துக்கொண்டு, அவள் வண்டியைத் தாண்டிப் போனான். போகும்போது கொடுக்கை ஆட்டிக் காட்டினான். தன் வண்டியை அதன் இடத்தில் கவிழ்த்து விட்டான். பிறகு கணவாய் ஏதோ கேட்க, அதற்கு இவன் ஏதோ சொல்ல, நான்கு பேர் சிரிக்க, நேரம் போயிற்று.

பவளாயி முட்டைகளுக்குக் காற்று படும்படி வயிற்றை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள். இடுக்கின் உள்சுவரில் திடீரென்று ஒரு வெளிச்சம் விழுந்தது. வெள்ளை, நடுவில் கொஞ்சம் ரோஜா நிறம், ஓரத்தில் பச்சை. தண்ணீரில் வெயில் பட்டது போல அசைந்தது. அழகாக இருந்தது. முட்டைகள் மேல் படட்டும் என்று சற்றுத் திரும்பிக்கூட உட்கார்ந்தாள். எங்கிருந்து வருகிறது என்று எட்டிப் பார்த்தாள். திடலின் நடுவில் அவள் விட்ட வண்டி. வெயில் உச்சிக்கு ஏறி, சங்கின் உள்பளபளப்பில் விழுந்து, அங்கிருந்து தெறித்துக்கொண்டிருந்தது. இவள் வீட்டுச் சுவருக்கு இவ்வளவு தெரிந்தால் வானத்துக்கு எவ்வளவு தெரியும் என்று அவள் நினைத்த அதே நேரம், சுவரில் இருந்த வெளிச்சத்தை ஒரு நிழல் கடந்து போனது. ஒருமுறை போனது. திரும்பவும் ஒருமுறை போனது.

திடலில் உளுவையின் குரல் கேட்டது. "ஒன்பது."

சற்று நின்று, மறுபடி எண்ணினார். "ஒன்பது. யார் வண்டி வரல?"

"எங்க மதினி வண்டி, மாமா" என்றது தடிக்காலன் குரல். "மறந்தே போனேன். இதோ, எடுத்தாறேன்."

"கவுந்து கிடக்கா, நிமிந்து கிடக்கா?"

"நிமிந்துதான்."

உளுவை ஒருமுறை மேலே பார்த்தார். தன் சேற்றுக்குழிக்குள் இறங்கிவிட்டார். அவர் அப்படிச் சந்தை வேளையில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குப் பயம் வந்தது.

சிவப்பு நண்டுகள் ஐவரும் நின்ற இடத்திலேயே மணலுக்குள் போனார்கள். கணவாய் மணல் நிறமாக மாறினார், கடை இருந்த இடம் தெரியவில்லை. கடல் அட்டைகள் கல்லானார்கள். நட்சத்திர மீன்கள் எப்போதும் அசைவதில்லை, அன்றும் அசையவில்லை. மென்நண்டுகளுக்கு மட்டும் போக இடமில்லை. இடுக்கு அறுபத்து நான்கு அடி தள்ளி இருந்தது. ஏழு பேர் சாய்ந்த பாறையின் அடியில் ஓடி, கவிழ்ந்து கிடந்த வண்டிகளுக்குப் பின்னால், பெரியவர் உள்ளே, சிறியவர் வெளியே என்று, ஆளுக்கொன்றாக ஒண்டினார்கள். உள்ளே கடைசியில் இருந்த பெரிய வண்டி பாறையை ஒட்டி இருந்ததால் அதன் பின்னால் இடமில்லை. பவளாயி வண்டியின் இடம் காலி. தடிக்காலன் பன்னிரண்டு அடி வெளியே போயிருந்தான். அவன் திரும்பி ஓடி வந்தபோது மீதி இருந்தது வாசலோரம் இருந்த ஆகச் சிறிய வண்டி ஒன்றுதான்.

பருந்து இறங்கியது. பவளாயியின் வண்டிக்குப் பக்கத்தில் இறங்கி, இறக்கையை மடக்கி, சங்குக்குள் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"வீட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்டது. உரக்கப் பேசவில்லை. "ஈரம் இருக்கு. பாசி வாசம் இருக்கு. இப்பத்தான் யாரோ எழுந்து போயிருக்கீங்க."

மணலில் வண்டி இழுத்த தடம் இரண்டு பக்கமும் போயிருந்தது. ஒன்று பவளாயி இருந்த இடுக்குக்கு. மற்றொன்று சாய்ந்த பாறைக்கு. பருந்து இரண்டையும் பார்த்தது. பவளாயி வயிற்றை அசைப்பதை நிறுத்திக்கொண்டாள். அது திரும்பி, பாறைப் பக்கம் நடந்தது. பருந்துக்கு நடை நன்றாக வராது. ஒவ்வொரு அடிக்கும் நகம் மணலில் குத்தி எழும் சத்தம் அவளுக்குக் கேட்டது. நாற்பது அடி தூரம், பருந்துக்குப் பதினொரு எட்டு.

பாறை தாழ்ந்து சாய்ந்திருந்தது. பருந்தால் உள்ளே குனிய முடியவில்லை. ஒரு காலை மட்டும் உள்ளே விட்டுத் துழாவியது. கண் தெரியாதவர் பெட்டிக்குள் எதையோ தேடுகிற மாதிரி, அவசரமில்லாமல். முதல் வண்டியைத் தொட்டது. அதன் பின்னால் தொட்டது.

"மெத்துனு இருக்கே" என்றது.

தடிக்காலன் உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டான். இழுத்ததில் பக்கத்தில் இருந்த பொடிச்சி நசுங்கினாள். பொடிச்சி அவனுடைய தங்கை, ஒன்பது பேரில் சிறியவள். அவள் முனகியது இடுக்கு வரை கேட்டது. "அண்ணே, தள்ளாதே. பின்னால இடமில்ல."

பவளாயி அங்கே உட்கார்ந்து அதைக் கேட்டாள். அங்கே அவள் கணவன் குழிமுத்து இருந்தான், கொழுந்தன் இருந்தான், நாத்தனார் இருந்தாள், இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்கள் அத்தனை பேரும் வண்டியை அதனதன் இடத்தில் விட்டவர்கள். அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். அது வண்டியைப் பார்த்து வந்தது. வண்டியைக் கவிழ்த்துவிட்டால் போய்விடும். அது அப்படி நடக்காது என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அவள் வெளியே வந்தாள்.

இருபத்து நான்கு அடி. பருந்தின் முதுகு அவளுக்குத் தெரிந்தது. காற்றில் ஒரு இறகு தூக்கித் தூக்கி விழுந்துகொண்டிருந்தது. பத்தாவது அடியில் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். பதினெட்டாவது அடியிலும் நினைத்தாள். வண்டியை எட்டி, விளிம்பில் கொடுக்கை மாட்டிப் புரட்டினாள். சங்கு மணலில் கரகரத்தது.

பருந்து காலை வெளியே எடுத்து, திரும்பியது.

இடுக்குக்குத் திரும்ப இருபத்து நான்கு அடி. பருந்துக்கு ஒரு தாவல். புரட்டிய சங்கு பாதி சாய்ந்து, வாய் அவள் பக்கமாக இருந்தது. அவள் யோசித்துச் செய்ததாக யாரும் சொல்ல முடியாது. வயிறு தானாக ஒளிய இடம் தேடியது. பின்பக்கமாகச் சங்குக்குள் போனாள். உள்ளே வழவழப்பாக இருந்தது, குளிர்ச்சியாக இருந்தது. சங்கு எப்படிச் சுருண்டதோ அப்படியே அவள் வயிறும் சுருண்டது. முட்டைகள் உள்ளே அடங்கின. பெரிய கொடுக்கை மடக்கி வாசலில் வைத்து அடைத்தாள்.

பருந்தின் அலகு கொடுக்கில் பட்டது. ஒருமுறை, இரண்டுமுறை. கொடுக்கு ஓடு கீறியது, உடையவில்லை.

"வெளியே வாம்மா" என்றது பருந்து. "வெயில்ல உள்ளே வெந்துடுவே."

அவள் கொடுக்கை இன்னும் இறுக்கினாள். அது சங்கைக் காலால் பற்றித் தூக்கியது. கடலும் கரையும் அவளைச் சுற்றிச் சுழன்றன. மேலேயிருந்து போட்டது. சங்கு மணலில் விழுந்து உருண்டது. மறுபடி தூக்கிப் போட்டது. இரண்டாவது முறை உருண்டு நின்றபோது அவள் கத்தினாள்.

"பின்பக்கமாப் போங்க. வண்டிக்குள்ள. பின்பக்கமாப் போயிக் கொடுக்கால அடைங்க."

ஏழு பேரும் தடிக்காலனும் தாங்கள் ஒண்டியிருந்த வண்டிகளைச் சாய்த்து உள்ளே போனார்கள். அங்கேதான் ஒரு கஷ்டம். ஒளிந்துகொள்ளப் போதுமான வண்டி, நுழைந்துகொள்ளப் போதவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றுச் சின்னதாக இருந்தது. வயிற்றின் நுனி உள்ளே போனது, அடிப்பாகம் வெளியே நின்றது. தடிக்காலனுக்கோ பத்தில் ஆகச் சிறியது. அவனுக்கு அரை வயிறுகூட உள்ளே போகவில்லை. போன மட்டும் போய் அங்கேயே இறுகிக்கொண்டது.

பருந்து பவளாயியை மூன்றாம் முறை போட்டது. பாறைக்கு ஐந்து அடி தள்ளி விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து கொடுக்குச் சந்து வழியாகப் பார்த்தாள். பருந்தின் கால் பாறைக்குள் போயிற்று. வெளியே வந்தபோது அதில் தடிக்காலன் இருந்தான். சின்னச் சங்கு அவன் வயிற்று நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் அலறவில்லை. "அண்ணே, இது எனக்குச் சின்னது" என்றான். யாராவது வேறு எடுத்துத் தருவார்கள் என்பது போலச் சொன்னான். பருந்து எழும்பி, தெற்கே இருந்த ஒற்றைப் பனைக்குப் போயிற்று.

 சேற்றுக்குழியிலிருந்து உளுவையின் இரண்டு கண்கள் மட்டும் மேலே வந்தன.

"தின்ன எண்பது எண்ணுற நேரம் ஆகும்" என்றார். "பறந்து வர இருபது. நூறுல இங்கே இருக்கும். எண்ணுறேன். ஒண்ணு. ரெண்டு."

"வீட்டுக்கு ஓடிடலாமா மாமா?" என்றாள் பொடிச்சி. 

"அறுபத்து நாலு அடி. பாதி வழியில நூறு வந்துடும். அஞ்சு. ஆறு."

"எனக்கு வயிறு வெளியே நிக்குது" என்றான் குழிமுத்து.

"எனக்கும்."

"எல்லாருக்கும்தான். பேசாதீங்க, எண்ணிக்கை போகுது. ஒன்பது." உளுவை கண்ணைச் சுழற்றி வரிசையைப் பார்த்தார். "வண்டி ஒன்பது இருக்கு. ஆளு எட்டு. உள்ளே பாறையை ஒட்டிப் பெருசு சும்மா கிடக்கு. இருக்கிறதுலயே பெரிய ஆளு அதுக்குப் போனா, அவங்க விட்டதுக்கு அடுத்த ஆளு போகலாம். அப்படியே ஒவ்வொருத்தரா. பதினாலு. எல்லாருக்கும் ஒரு சுத்துக் கூடும். பதினஞ்சு."

தடிக்காலன் போன பிறகு இருப்பதில் பெரிய ஆள் பவளாயி. அவள் சங்கோடு எழுந்தாள். சங்கைச் சுமந்துகொண்டு நடப்பது அதுதான் முதல் தடவை. ஐந்து அடி நடந்து, பாறைக்கு அடியில் புகுந்து, ஒவ்வொருவரையும் தாண்டி, தன் வண்டி வழக்கமாக இருக்கும் காலி இடத்துக்கு வந்து நின்றாள். காலையில் வந்திருக்க வேண்டிய வண்டி அப்போது வந்து சேர்ந்தது. உளுவை முப்பதில் இருந்தார்.

அவள் பக்கத்தில் பெரிய சங்கு கிடந்தது. அதற்குப் போக வேண்டுமானால் இதிலிருந்து வெளியே வர வேண்டும்.

அவளுக்கு இந்தச் சங்கு பொருத்தமாகத்தான் இருந்தது. சினையோடு கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். கொடுக்கு வாசலை அடைத்துவிட்டது. வெளியே ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. அந்த எட்டுப் பேரில் அப்படிப் பத்திரமாக இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"முப்பத்து மூணு" என்றார் உளுவை.

"பவளம்" என்றான் குழிமுத்து. "நீ வந்தாத்தான் நான் மாற முடியும்."

"முட்டை இருக்கு."

"இருக்கு" என்றான். அவள் சங்கைப் பிடிக்கக் கொடுக்கை நீட்டிக்கொண்டான். வண்டியை ஏன் விட்டாய் என்று யாரும் அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

"முப்பத்தாறு."

வாசல் ஓரத்தில் பொடிச்சி இருந்தாள். அவளுக்கு வெளியே இப்போது யாரும் இல்லை. பாறையின் நிழல் அவள் வரை எட்டவில்லை. வெளியே நின்ற அவள் வயிற்றின் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. பவளாயிக்குத் தான் சொன்னது காதில் திரும்பக் கேட்டது. முட்டை இருக்கிறது என்றுதான் அந்த இருபத்து நான்காவது அடியிலும் நின்றாள். காரணம் பொய்யில்லை. அப்போதும் பொய்யில்லை, இப்போதும் பொய்யில்லை.

முப்பத்தெட்டில் அவள் வெளியே வந்தாள். முட்டைகள் காற்றில் கிடந்தன. பனைப் பக்கம் பார்க்கக் கூடாது என்று இருந்தாள், பார்த்தாள். அங்கே பழுப்பாக ஒன்று குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. பெரிய சங்கின் விளிம்பில் கால் வைத்து, பின்பக்கமாக இறங்கினாள். நாற்பத்து நான்கில் உள்ளே இருந்தாள்.

அவள் விட்ட சங்கு உருண்டுவிடாமல் குழிமுத்து கொடுக்கால் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் மாறினான். அவனுக்கு ஏழு எண்ணிக்கை ஆயிற்று, ஐம்பத்தொன்று. அவன் விட்டதை அடுத்தவர் பிடித்துக்கொண்டு மாறினார். அவர் விட்டதை அதற்கு அடுத்தவர். முன்னால் இருப்பவர் சங்கைப் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள, தள்ளுமுள்ளு இல்லை. இதில் ஒருவர் அவசரப்பட்டு ஊடே புகுந்தால் இரண்டு வயிறு வெளியே நிற்கும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. நடுவில் இருந்த ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஆறு எண்ணிக்கை. எண்பத்தொன்று.

பொடிச்சியின் முறை வந்தது. அவள் வெளியே வரவில்லை.

"வா, பிள்ளை" என்றார் உளுவை. "எண்பத்து மூணு."

"வரமாட்டேங்குது மாமா. வயிறு மாட்டிக்கிச்சு."

"மூச்சை விடு. விட்டுட்டு இழு. எண்பத்தஞ்சு."

"அண்ணனுக்கும் இப்படித்தான் மாட்டுச்சு."

"பொடிச்சி" என்றாள் பவளாயி, வரிசையின் மறுகோடியிலிருந்து. "வலது பக்கமாச் சுத்து. சங்கு சுத்தியிருக்கிற பக்கமாவே நீயும் சுத்தி வா. நேரா இழுக்காதே."

எண்பத்தெட்டு. பனையில் இறக்கை விரிந்தது. எல்லாரும் பார்த்தார்கள். உளுவை எண்ணிக்கையைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தொண்ணூற்றொன்றில் பொடிச்சி சுற்றி வெளியே வந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவர் தான் விட்ட சங்கைச் சாய்த்துப் பிடித்தார். தொண்ணூற்றாறில் அவள் கொடுக்கு மூடியது. உளுவையின் கண்கள் சேற்றுக்குள் போயின.

பருந்து நூற்று மூன்றில் வந்தது. உளுவை கணக்கு மூன்று தப்பியிருந்தது.

அது காலை உள்ளே விட்டுத் துழாவியது. காலில் பட்டதெல்லாம் சங்கு, சங்குக்கு வாசலில் கொடுக்கு. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. தட்டும்போது உள்ளே இருப்பவருக்கு உடம்பெல்லாம் அதிர்ந்தது. எட்டாவதாக, உள்ளே கடைசியில் இருந்த பெரிய சங்கைத் தட்டியபோது பவளாயியின் முட்டைகள் நடுங்கின. வாசலோரம் கிடந்த சங்கு ஒன்றுக்கு மட்டும் கொடுக்கு இல்லை. பருந்து அதை வெளியே இழுத்து, அலகை உள்ளே விட்டு, ஆழம் வரை தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"சரி" என்றது. "இடம் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு வர்றேன். இறங்கித்தானே ஆகணும்."

சொன்னபடி மறுநாள் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. இவர்கள் இறங்கவில்லை. சங்கோடு நடந்தார்கள், சங்கோடு தின்றார்கள், சங்கோடு தூங்கினார்கள். பவளாயி கடல் ஏற்றம் வந்த ஒரு காலையில் வாசலைக் கொஞ்சம் திறந்து, முட்டைகளைத் தண்ணீரில் விட்டாள். அந்தத் திட்டில் சந்தை பிறகு கூடவில்லை. கணவாய் ஆழத்துக்குப் போய்விட்டார். உளுவை மட்டும் இன்னும் சேற்றில் இருந்துகொண்டு மேலே பார்க்கிறார். குழிமுத்து நெடுநாள் தெற்கே அந்தப் பனையடிக்குப் போய் வந்தான். சின்னச் சங்கு கிடைக்குமா என்று தேடினான். கிடைக்கவில்லை.

அந்த வற்றத்துக்குப் பிறகுதான் நாம் சங்கு நண்டு என்று சொல்கிறவர்கள் வயிற்றைச் சங்குக்குள் வைத்துக்கொண்டே திரிகிறார்கள். கரையில் புதிதாக ஒரு பெரிய சங்கு ஒதுங்கினால் இன்றும் அதன் அருகே வந்து, பெரியவர் முதல் சிறியவர் வரை ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி, முன்னால் இருப்பவரின் சங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பெரியவர்தான் முதலில் வெளியே வர வேண்டும். அவர் மாறியதும் அடுத்தவர், அதற்கு அடுத்தவர் என்று மாறி முடிப்பார்கள். மாறுகிறவர்கள் எட்டுப் பேர் ஆனாலும் எண்பது பேர் ஆனாலும், முடிந்த பிறகு கரையில் மீதி கிடக்கும் சங்கு ஒன்று.